சொந்தத்துக்கு மட்டும் பச்சைப் பால்

என் அக்கா மாடு வைத்துப் பால் கறந்து விற்பவள். நாலு மாடு, ஒரு தகரக் கொட்டகை, இருபத்தெட்டு வாடிக்கை வீடு. உலகத்து மனிதர்களை அவள் இரண்டாகத்தான் பிரித்து வைத்திருந்தாள். ஒன்று, கேனில் கொண்டுபோய் ஊற்ற வேண்டியவர்கள். அவர்கள் அதைக் காய்ச்சினாலும் சரி, கீழே கொட்டினாலும் சரி, அவளுக்குக் கவலையில்லை. இன்னொன்று, சொந்தம். சொந்தத்துக்கு மட்டும் பச்சைப் பால்.

அதிலும் கறவை முடிகிற நேரத்தில் மடியில் மிஞ்சுகிற கடைசிப் பால்தான் கெட்டி என்பது அவள் கட்சி. அதை வாளியில் விடாமல் நேராக டம்ளரில் பீய்ச்சுவாள். டயர் கடைக்கு வேலைக்குப் போகிற வழியில் தினமும் ஆறு மணிக்கு நான் கொட்டகை வாசலில் ஆஜராக வேண்டும். நுரை அடங்குவதற்குள் குடித்து முடிக்க வேண்டும். முடிக்கிறவரை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பாள். எனக்கு நாற்பத்து மூன்று வயது, தலையில் பாதி வழுக்கை. என் மேலுதட்டு நுரையை அவள்தான் துண்டால் துடைத்துவிடுவாள். எங்கள் அம்மா போனபோது எனக்கு ஐந்து வயது, அவளுக்குப் பதினாலு. அன்றைக்கு எடுத்த துண்டை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.

என் மனைவி ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "காய்ச்சிக் குடுத்தாதான் என்ன அண்ணி?"

"அடுப்புல வச்சா பால்ல என்ன மிச்சம் இருக்கும்? வெறும் வெள்ளைத் தண்ணி. அதுக்கு அவன் கடையில போய் டீயே குடிக்கலாம்."

அந்த வருடம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. சாயங்காலமானால் உடம்பு கொதிக்கும், விடிவதற்குள் போர்வை நனைய வியர்த்து விட்டுவிடும். பத்து நாள் ஒன்றும் இருக்காது. சரி, தொலைந்தது என்று நினைக்கும்போது திரும்ப வந்து நிற்கும். ஒரு டாக்டர் டைபாய்டு என்றார், இன்னொருவர் ஓய்வு எடுக்கச் சொன்னார். இடுப்பு மூட்டு பிடித்துக்கொண்டது. லாரிச் சக்கரத்தின் நட்டைக் கழற்ற ஸ்பானரில் ஏறி நின்றால் கால் கேட்கவில்லை. "உன் காய்ச்சலுக்கு லாரி வர்ற நேரம் எப்படியோ தெரிஞ்சுபோயிடுது" என்றார் முதலாளி. நான் சிரித்தேன். உள்ளுக்குள் பயம்தான்.

அக்கா சும்மா இருப்பாளா. "உருகிப் போறான் பாரு" என்று ஒரு டம்ளரை இரண்டாக்கினாள்.

மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. ஸ்டெதாஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்பே, "வீட்ல மாடு இருக்கா?" என்று கேட்டார்.

"எங்க அக்காவோடது. தினமும் மடியிலிருந்து நேரா டம்ளர்தான்" என்றேன், பெருமையாக.

"சமீபத்துல எந்த மாடாவது நிறைமாசத்துக்கு முன்னாடி கன்னைப் போட்டுச்சா?"

போட்டிருந்தது. ஏழாம் மாதத்தில் சிவப்பு மாட்டின் கன்று செத்து விழுந்தது. நஞ்சுக்கொடி விழாமல் தொங்கியதை அக்காதான் வெறுங்கையால் எடுத்துப் போட்டாள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார்.

புரூசெல்லா என்று வந்தது. மாட்டிடமிருந்து மனிதனுக்கு வருகிற கிருமி, பச்சைப் பாலில் இறங்கி வரும். ஆறு வாரம் விடாமல் இரண்டு விதமான மாத்திரை சாப்பிட்டால் போய்விடும் என்றார்.

"தெரு முழுக்க அதே பால்தானே டாக்டர் குடிக்குது?"

"அவங்க பொங்கப் பொங்கக் காய்ச்சிக் குடிச்சிருப்பாங்க. காய்ச்சினா கிருமி செத்துடும்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. யார்மேல் எரிச்சல் என்றுதான் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கிய இருபத்தெட்டு வீட்டுக்கும் ஒன்றுமில்லை. பாசத்தோடு கொடுத்தது எனக்கு மட்டும்தான் விஷமானது. இதை அவளிடம் எந்த வாயால் சொல்வது. சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். அக்காவிடம், "ரத்தத்துல ஏதோ கோளாறாம், மாத்திரை குடுத்திருக்காங்க" என்று மழுப்பினேன். நேரமாகிவிட்டது, கடையில் குடிக்கிறேன் என்று பால் டம்ளரை வாங்கிப்போய், பின்னாலிருந்த சாக்கடையில் ஊற்றினேன். இப்படி நாலு நாள். என்னை நானே ரொம்ப நல்லவன் என்று நினைத்துக்கொண்ட நாலு நாள் அவை.

ஐந்தாம் நாள் காலையில் போனால், கொட்டகை வாசலில் ஸ்டூல் போட்டு அக்கா மகள் உட்கார்ந்திருந்தாள். ஆறு மாத வயிறு. அவள் கணவனுக்கு வெளியூரில் வேலை, ஒரு மாதம் அம்மாவிடம் இருக்கட்டும் என்று விட்டுப் போயிருக்கிறான். அவள் கையில் டம்ளர். உதட்டில் நுரை.

நான் பாய்ந்து பிடுங்கியதில் பாதி பால் என் சட்டையில்.

"என்ன மாமா, உங்க பங்கைக் குடிச்சிட்டேன்னா?" என்று சிரித்தாள்.

"எத்தனை நாளாக் குடிக்கிற?"

"வந்ததிலிருந்துதான். நாலு நாளா. நீங்க வந்துட்டுப் போனப்புறம்தான் தினமும் எந்திரிப்பேன், இன்னைக்குத்தான் சீக்கிரம் முழிச்சேன்."

வயிற்றில் பிள்ளையோடு இந்தக் காய்ச்சல் வந்தால் கரு கலைந்துவிடலாம் என்பதையும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். அப்போது அது யாருக்கோ சொன்னதுபோல் என் காதில் விழுந்தது. அங்கேயே நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா முதலில் கோபத்தில் குதித்தாள்.

"என் பால்ல நோயா? நீ எதையாவது கடையில தின்னிருப்ப. பழியைத் தூக்கி என் மாட்டுமேல போடுறியா?"

"செத்த கன்னை நினைச்சுப் பாரு அக்கா. அந்த டாக்டர் பார்க்காமலே கேட்டாங்க."

அவள் திரும்பிச் சிவப்பு மாட்டைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

"நாலு நாளாத் தெரியும்."

அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். திட்டவில்லை. உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, "கிளம்பு" என்று மகள் கையைப் பிடித்தாள்.

இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். மகளுக்கு இல்லை என்று வந்தது. ஆனால் இந்தக் கிருமி சில வாரம் ஒளிந்திருக்கும், மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அக்காவுக்கு இருந்தது. மூன்று வருடமாக முதுகு வலி, வயதாகிவிட்டது என்று அவள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது பாதி இதனால்கூட இருக்கலாமாம்.

கால்நடை டாக்டர் வந்து மாடுகளுக்கும் ரத்தம் எடுத்தார். நாலில் இரண்டுக்கு நோய். ஒருநாள் வண்டி வந்து அவற்றை ஏற்றிக்கொண்டு போனது. சிவப்பு மாடு ஏற மறுத்து முரண்டு பிடித்தது. அக்காதான் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்து ஏற்றிவிட்டாள். அதன்பிறகு இருபத்தெட்டு வீட்டுக்கும் போய், "எங்க மாட்டுக்கு நோய் வந்துச்சு, நல்லாக் காய்ச்சாம யாரும் குடிச்சிடாதீங்க" என்று தானே சொல்லிவிட்டு வந்தாள். பதினோரு வீடு பாலை நிறுத்தியது. எனக்கு அந்தப் பதினோரு பேர்மேலும் கோபம் வந்தது. அவளுக்கு வரவில்லை.

அந்த மூன்று வாரமும் அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மாத்திரையை மட்டும் மணி தவறாமல் விழுங்கினாள். என்னை மன்னிக்கமாட்டாள் என்றே நினைத்தேன். மகளுக்கு லேசாகச் சூடு தட்டினாலும் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நான் என் வீட்டில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்தேன், தொட்டுப் பார்க்க நெற்றிதான் இல்லை.

இரண்டாம் முறையும் மகளுக்கு இல்லை என்று வந்தது. பிள்ளைக்கு ஒன்றும் பயமில்லை என்று டாக்டரம்மா சொன்னதும் அந்தப் பெண் ஓவென்று அழுதாள். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனாள். அக்காவும் நானும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"அக்கா, அன்னைக்கே சொல்லியிருக்கணும். தப்பு என்மேலதான்" என்றேன்.

அவள் என் இடுப்பு மூட்டைப் பிடித்து அழுத்தி, "இங்க வலி குறைஞ்சிருக்கா?" என்றாள்.

"குறைஞ்சிருக்கு."

கையை எடுக்காமலே சொன்னாள். "எனக்கும் அந்த நோய் இருக்குன்னு அவங்க சொன்னாங்க பாரு, அப்பத்தான்டா எனக்கு மூச்சே வந்துச்சு. உன்னைப் படுக்கப் போட்டுட்டு நான் மட்டும் நல்லா இருந்திருந்தா, உன் முகத்துல எப்படி முழிச்சிருப்பேன்?"