கடைவாய்க்கு எலும்பெடுத்த கறி

பல் மருத்துவமனையின் பின்கட்டில், மெழுகு உருக்கும் அடுப்புக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்குகிறது. தொழில் சங்கம் கொடுத்தது. ‘மெல்லும் ஆற்றலை மக்களுக்கு மீட்டுத் தருவதில் தன்னை அர்ப்பணித்துக்கொண்ட வல்லுநர்’ என்று அதில் அச்சிட்டிருக்கிறது. அந்த வல்லுநர் ஒரு மழைக்காலம் முழுவதும் தன் வீட்டில் ஓர் உயிரை மெல்லவே விடவில்லை. சங்கத்துக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் சான்றிதழைத் திருப்பிக் கேட்டிருக்காது. சங்கத்தின் அக்கறை மனிதப் பற்களோடு நின்றுவிடுகிறது.

அவர் பல்செட் செய்பவர். டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பல்லாக நட்டு, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். தெருவில் அவருக்குப் பெயரே பல்செட்காரர்தான். எதிரே வருபவர் யாரென்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் திணறுவார். அந்த ஆள் சிரித்துவிட்டால் சட்டென்று பிடிபட்டுவிடும்.

பல்செட் சரியாகப் பொருந்தியவர்கள் அதை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களை அவர் மறுபடி பார்ப்பதே இல்லை. குத்துகிறது, ஆடுகிறது, ஒரு பக்கமாகத்தான் மெல்ல முடிகிறது என்பவர்கள் மட்டும் திரும்பி வருவார்கள். ஆக, தன் வேலை நன்றாக நடந்ததற்கான அத்தாட்சி எதுவும் அவர் கண்ணில் பட்டதில்லை. வருடக்கணக்காகக் கோணிய வாய்களையே பார்த்ததில், மெல்லுவது என்பது எந்த நேரத்திலும் சிக்கலில் முடியக்கூடிய காரியம் என்ற முடிவுக்கு வந்திருந்தார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால்கூட, எதிர் வரிசையில் யாருடைய தாடை எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருடைய மனைவி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். கண்ணாடியில் இருக்கும் துளை வழியாகவே பேசிப் பழகியதால் வீட்டிலும் அவர் பேச்சு சுருக்கம்தான். எங்கே, எத்தனை பேர், சில்லறை இருக்கா என்ற அளவிலேயே அந்தக் குடும்பம் சண்டை சச்சரவில்லாமல் ஓடியது. ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், கைப்பையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பூனைக்குட்டியை எடுத்துக் கீழே விட்டார். பார்சல் அறையில் மூட்டைகளுக்கு நடுவே கிடந்ததாம். “ரெண்டு நாளைக்குத்தான்” என்றார். பல்செட்காரர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். பல் எல்லாம் ஒழுங்காக இருந்தது. சந்தேகப்பட ஒன்றும் கிடைக்காதது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம்.

கடையில் விற்கும் பாக்கெட் தீனியைக் குட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, காலால் மண் தள்ளுவதுபோல் தரையைச் சுரண்டிக் காட்டிவிட்டு நகர்ந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு பொருளை நிராகரிக்க முடியாது. மனைவியின் தம்பி கறிக்கடை வைத்திருந்தார். அவருக்குச் செய்தி போனது. மறுநாள் காலை கோழி இறக்கையின் நுனிகள் சில பச்சையாக, ஒரு பொட்டலத்தில் வந்து சேர்ந்தன.

எல்லாம் அங்கேதான் தொடங்கியது. குட்டி ஒரு நுனியைக் கவ்வியது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு, கடைவாயில் வைத்துக் கடித்தது. பிறகு மறுபக்கம் சாய்த்தது. வேறு யாராக இருந்தாலும், பூனை சாப்பிடுகிறது என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். பல்செட்காரர் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கமாக மெல்லுகிறது. முன்பல்லைத் தொடவிடாமல் தள்ளுகிறது. அவருக்கு இந்த நோயாளியை நன்றாகத் தெரியும். வாரத்துக்குப் பத்துப் பேரைப் பார்க்கிறார். பாவம், வலிக்கிறது. வாயிலிருந்து அந்த எலும்பை மெதுவாகப் பிடுங்கி எடுத்தார். அன்றே அதற்குக் கடைவாய் என்று பெயரும் வைத்தார்.

மறுநாள் முதல் கடைவாய்க்குப் பந்தோபஸ்தான சாப்பாடு. மச்சானிடம் எலும்பில்லாத நெஞ்சுக்கறிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். வீட்டில் தனிப் பலகை, தனிக் கத்தி. இரண்டையும் முன்னும் பின்னும் கொதிநீரில் கழுவுவார். சுத்தத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. பின்கட்டில் மெழுகு செதுக்க வைத்திருக்கும் மெல்லிய கத்தியில் ஒன்றையும், ஓர் இடுக்கியையும், நெற்றியில் மாட்டும் பூதக்கண்ணாடியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கொழுப்பு, ஜவ்வு, நரம்பு, வெள்ளையாகத் தெரிந்தது எல்லாம் போனது. மச்சான் கூடச் சேர்த்துக் கொடுத்த ஈரலும் வாடையடிக்கிறது என்று போனது. மிஞ்சிய இளஞ்சிவப்புத் தசையைக் குழந்தைக்கு ஊட்டும் கூழ்போலக் கொத்தி, கையில் சூடுபடுத்தி வைப்பார். கடைவாய் அதை மெல்ல வேண்டிய அவசியமே இல்லை. நக்கினால் போதும்.

மனைவி ஒரு காலை இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தனக்கு ஒரு மீனில் ஒரு முள்ளாவது எடுத்துக் கொடுத்ததுண்டா என்று கேட்டார். உனக்குப் பல் நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த வீட்டில் இதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது என்பதால் மனைவியும் விட்டுவிட்டார்.

மச்சானுக்கு இதில் ஒரு பெருமை. அக்கா வீட்டுப் பூனைக்குக் கழிவுக் கறி போனால் அது தனக்குத்தான் அவமானம் என்று, நல்ல துண்டாகப் பார்த்து அவரே எடுத்து வைப்பார். ஆனால் வாய் சும்மா இருக்காது.

“மாமா, இது பூனைக்கா, இல்ல உங்க பொக்கைவாய் கஸ்டமர் யாருக்காவதா?”

“நீ வெட்டிக் குடு. பேசாத.”

“பேசாமத்தான் வெட்டறேன். அடுத்து ஒரு ஸ்பூன் கேக்கப் போறீங்க, அதுக்குத்தான் காத்துட்டு இருக்கேன்.”

பூனை வளர்ந்தது, ஆனால் நீளமாகத்தான், உறுதியாக அல்ல. முதலில் ஜன்னல் விளிம்புக்குத் தாவுவதை நிறுத்தியது. பிறகு நாற்காலிக்கு. திரைச்சீலையைக் கிழிக்கவில்லை, அலமாரியில் ஏறவில்லை, பந்தைத் துரத்தவில்லை. மாடிவீட்டு அம்மாள் வந்து, இவ்வளவு அடக்கமான பூனையைத் தான் பார்த்ததே இல்லை என்று மெச்சிவிட்டுப் போனார். பல்செட்காரர் அதை வளர்ப்பின் சிறப்பு என்றே எடுத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தில் ஒரு பிராணி எல்லோருக்கும் பிடிக்கும்படி நடந்துகொண்டால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது அவருக்கு அப்போது தெரியவில்லை.

பின்னங்கால்கள் இழுக்கத் தொடங்கியபோது, சத்துப் போதவில்லை என்று நினைத்தார். கறியைக் கூட்டினார். கோழியை விட்டு ஆட்டுக்கு மாறினார். அதிலும் தொடையின் நடுப்பகுதி மட்டும். எவ்வளவுக்கெவ்வளவு நல்ல கறி போனதோ அவ்வளவுக்கவ்வளவு பூனை படுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி தூக்கப் போனபோது கடைவாய் அலறியது. அதுவரை யாரையும் கீறாத பூனை அவர் மணிக்கட்டைக் கீறியது. ரத்தத்தைத் துடைத்தபடியே மனைவி, “கிளம்புங்க” என்றார்.

விலங்கு டாக்டர் ஓர் இளம்பெண். எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் செருகிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார். எலும்புகள் பனியில் நிற்கும் கம்பங்கள்போல மங்கலாகத் தெரிந்தன. ஒரு தொடை எலும்பில் மயிரிழை போல ஒரு முறிவு. என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பல்செட்காரர் பலகை, கத்தி, கொதிநீர், பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். குரலில் பெருமை இல்லாமலில்லை.

“எலும்பு?” என்றார் டாக்டர்.

“ஒரு துணுக்குகூட இருக்காது டாக்டர். நானே எடுத்துடுவேன்.”

“அதான் வியாதி.”

வெறும் தசையில் சுண்ணாம்புச் சத்து அநேகமாகக் கிடையாது, வளரும் குட்டிக்கு வேண்டியது வெளியே கிடைக்காவிட்டால் உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்ளும் என்று டாக்டர் விளக்கினார். நிறையப் பேர் பாசத்தால் செய்யும் தப்புதான் இது என்றும் சேர்த்துக்கொண்டார். பல்செட்காரர் விடவில்லை. எலும்பைக் கடிக்கும்போது அது தலையைச் சாய்த்ததே, ஒரு பக்கமாக மென்றதே, அது வலியில்லையா என்று கேட்டார். டாக்டர் முதலில் கேள்வி புரியாமல் விழித்தார். பிறகு, எல்லாப் பூனையும் அப்படித்தான் மெல்லும், வெட்டுகிற பல் ஓரத்தில்தான் இருக்கிறது என்றார். இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பல்செட்காரர் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு கடைவாய் ஒரு கூண்டில் இருந்தது. தாவக்கூடாது, ஓடக்கூடாது. குட்டிகளுக்கான முழுத் தீனியைக் கறியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கூடவே மருந்தும் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மனைவி வேலை முடிந்து வந்ததும் கூண்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அன்றைக்கு யார் யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்று அதனிடம் சொல்லுவார். கணவரிடம் அவர் அத்தனை சொல் பேசியதில்லை. பல்செட்காரர் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். புதிய செய்திகள் அவருக்கும் கிடைத்தன.

கால் தேறியது. அடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கூண்டு திறந்தது. திறந்த வேகத்தில் கடைவாய் தன் பழைய கொள்கைக்குத் திரும்பியது: தீனி கலந்த கறியைத் தொடாது. தீனியைப் பொடித்துக் கலந்தாலும் முகர்ந்து பார்த்துத் தரையைச் சுரண்டும். ஒருநாள் முழுக்கப் பட்டினி கிடந்து தன் கட்சியை நிலைநாட்டியது. டாக்டரிடம் ஓடினார்கள். பட்டினி போடக் கூடாது, வெறும் கறிக்குத் திரும்பினால் கால் மறுபடி போய்விடும் என்று டாக்டர் சொன்னார். கோழிக் கழுத்தைப் பச்சையாக எலும்போடு கொடுங்கள், கொஞ்சம் ஈரலும் சேருங்கள், வேகவைத்த எலும்பை மட்டும் கண்ணிலும் காட்டாதீர்கள், அது சிம்பு சிம்பாக உடையும், பச்சை எலும்பு வளையும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அன்று மாலை மச்சானே கழுத்துகளைக் கொண்டுவந்தார். பையை மேசைமேல் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“இதை நான் தெருநாய்க்குப் போடறது மாமா. அக்கா வீட்டுக்குக் கொண்டாரக் கூச்சமா இருக்கு.”

பல்செட்காரர் ஒரு கழுத்தை வாங்கி, கழுவி, பலகையில் வைத்துத் தடவிப் பார்த்தார். முள்ளெலும்பு ஒவ்வொன்றும் விரலுக்குத் தட்டுப்பட்டது. தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது என்று கேட்டார். இதைக் கொஞ்சம் நசுக்கியாவது கொடுக்கலாமே என்றார். வேண்டாம் என்று மனைவி தலையசைத்தார். தட்டைக் கீழே வைத்தது மனைவிதான்.

கடைவாய் வந்தது. முகர்ந்தது. கவ்வியது. தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கி, ஓரத்துப் பல்லில் கொடுத்துக் கடித்தது. மொறுக்கென்று சத்தம் வந்தது. பல்செட்காரரின் கை தானாகக் கீழே போனது.

“கைய எடுங்க” என்றார் மனைவி.

“சிக்கிடும்.”

“எடுங்கங்கறேன்ல.”

பூனை மறுபக்கம் சாய்ந்து இன்னொரு கடி கடித்தது. மச்சான் தண்ணீர் கேட்டார்; யாரும் எடுத்துத் தரவில்லை. பல்செட்காரர் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கழுத்து முழுவதும் தீரும்வரை அங்கேயே நின்று பார்த்தார். ஒரு துண்டைக்கூடப் பிடுங்கவில்லை.