மறியலில் உட்கார்ந்த மில் முதலாளி

“...இவ்வளவு மெதுவா கோஷம் போட்டா எந்த மொதலாளிம்மா பயப்படுவான்? வயித்துலேருந்து வரணும்!” என்று களத்தில் நெல் கிளறும் பெண்களை அதட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். அவர்தான் அந்த அரிசி மில்லின் முதலாளி.

பாபநாசம் பக்கத்து மில் அது. நெல் கொண்டுபோன நான், மூட்டைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். முதலாளி, பர்மாவில் ராணுவத்தை எதிர்த்து ஊர்வலம் நடத்திவிட்டுத் தப்பி வந்தவர். திரும்பிப் போனால் சிறைதான் என்பதால் இங்கேயே தொழில் நடத்திப் பெரிய ஆளாகிவிட்டார். பர்மா பாணியில் கைலி முடிச்சு முன்பக்கம் பந்துபோல் துருத்தி நிற்கும். டீ கேட்டால்கூட முஷ்டியை உயர்த்தித்தான் கேட்பார்.

பெண்கள் கேட்டது, வெயிலுக்கு ஒதுங்கக் களத்தோரம் ஒரு கொட்டகை. தயங்கித் தயங்கி அதைச் சொன்னதும், “கெஞ்சக் கூடாது, போராடணும்” என்று அவரே அட்டையில் எழுதிக் கொடுத்து அவர்களை வரிசையில் நிறுத்திவிட்டார்.

“ஐயா, நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னா நாங்க வேலைக்குப் போயிடுவோம்ங்க,” என்றார் ஒரு பெண்.

“நான் எப்படிம்மா சொல்றது? நான் உங்க பக்கம்ல!”

“அப்ப மொதலாளி பக்கம் யாருங்க?”

கொஞ்சம் யோசித்தவர், ஆபீசுக்குள் ஓடினார். ஜன்னல் வழியாக, “கொட்டகையெல்லாம் கிடையாது!” என்று அவரே உறுமுவது கேட்டது. திரும்பி ஓடிவந்து, “பாத்தீங்களா அவன் திமிர!” என்று சுடுகிற சிமெண்டுத் தரையில் அவர்கள் நடுவே உட்கார்ந்தார்.

ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. துள்ளி எழுந்து மறுபடி உள்ளே போய், போனில் கீற்றுக்கும் மூங்கிலுக்கும் சொன்னார். வெளியே வந்து, “பணிஞ்சுட்டான்!” என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.