முதலாளி ஜன்னலுக்கு நேரே ஒரு குழி

மலையிலிருந்து இறங்கிய காவலூர் பஸ்ஸின் கண்டக்டர், தோல் பதனிடும் டேனரி வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "சார், உங்க வேடியப்பன் பூட்டாருங்க" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எங்கள் முதலாளி கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார், இவர் போய்விட்டாரே!

வேடியப்பனைத் தெரிந்தவர்களுக்கு அவர் வாயும் தெரியும். ஜவ்வாது மலையில் பிறந்து, பி.எஸ்சி. முடித்து, அடிவாரத்து டேனரியின் ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவர். தோல் பதனிட்ட குரோமியக் கழிவுநீர் ஓடையில் இறங்கி, அவர் தங்கை வாக்கப்பட்ட ஊரின் கிணறுகளைக் கெடுத்துக்கொண்டிருந்தது. எழுபதுகளின் கடைசியில் டேனரிக்குப் பின்னால் குழி வெட்டி, கழிவுநீரை அதற்குள் திருப்பி மூடி, சாணியும் கேழ்வரகுக் கூழும் ஊற்றிக் கிருமிகளை வளர்த்தார். காற்றுப் புகாத சேற்றில் வாழும் அவை குரோமியத்தை அடியில் படியவைத்தன. மேலே நீர் தெளிந்து வந்தது. ஆனால் அழுகிய முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கும். "நாத்தம் அடிச்சாதான்யா அதுங்க உசுரோட கீதுன்னு அர்த்தம்" என்பார்.

அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்றதும் முதலாளிக்கு அந்த நாற்றம் மானக்கேடாகப் பட்டது. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாக்கடைக்குக் கொட்டுவதுபோல் மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடரைக் குழியில் கொட்டவைத்தார். நாற்றம் நின்றது. கிருமிகளும் செத்தன. படிந்திருந்த குரோமியம் மறுபடி கரைந்து, மஞ்சள் மஞ்சளாக ஓடைக்குப் போனது. "மலைக்காரன் பேச்ச கேட்டேன் பாருங்க, என் புத்தி" என்று அதிகாரிகளிடம் வேடியப்பனைக் கைகாட்டினார் அந்த மனிதர். இவருக்கு வேலை போயிற்று. தங்கை வீட்டு நெல் அந்தப் போகம் கருகிற்று. பாவி! இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

பவுடர் கொட்டுமுன்பே குழியிலிருந்து எடுத்து ஆய்வுக்கூடத்தில் ஒதுக்கிவைத்திருந்த ஒரு குடம் சேற்றோடு வேடியப்பன் மலையேறினார். வீட்டுப் பின்னால் புதைத்துக் கூழ் ஊற்றினார். "ஊருல புருசனுங்க பூ வாங்கினு வருவாங்க. எங்காளு இன்னா வாங்கினு வந்துகீது பாருங்க சார்" என்று அவர் மனைவி மல்லிகா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

பின்னாளில், கழிவுநீரைச் சுத்தம் செய்யாவிட்டால் டேனரியை மூடச்சொல்லி உத்தரவு வந்தது. முதலாளி என்னையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் மலைக்கு வந்தார்.

"பழசெல்லாம் மனசுல வெச்சிக்காத வேடியப்பா."

"வெச்சிக்கினுதாங்க கீறேன். சேறு தர்றேன். ஆனா குழிய உங்க பங்களா ஜன்னலுக்கு நேரா வெட்டணும். நாத்தம் நின்னா மொதல்ல உங்களுக்குத்தான் தெரியணும்."

முதலாளி முகம் செத்துப்போயிற்று. வேறு வழியில்லாமல் வெட்டினார். ஓடை தெளிந்தது, கிணறுகளும் மெல்லத் தேறின. பங்களாவில் நடந்த முதலாளி மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்ட கதையை நான் சொல்ல, வேடியப்பன் தரையில் உருண்டு சிரித்தார். அது பாவமென்றால் பாவமாகவே இருக்கட்டும்.

சாவு வீட்டுக்கு முதலாளி பெரிய ரோஜா மாலையோடு வந்தார். போட்டுவிட்டு என்னை ஓரமாக அழைத்து, "அதான் அவரே போய்ட்டாரே, இனிமே குழிய கொஞ்சம் தள்ளி வெச்சிக்கலாமில்ல?" என்றார். அழுதுகொண்டிருந்த மல்லிகாவுக்கு அது கேட்டுவிட்டது. எழுந்து வந்தார்.

"நவுத்திக்கோங்க. பழைய குழிய தோண்டினா காத்துப் பட்டு அதுங்க செத்துப்பூடும். புதுக் குழிக்கு வேற சேறு வேணும். அது என் வூட்டுலதான் கீது."

வேடியப்பனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கோபத்தைத்தான். அதை ஆறவிடுவதாக இல்லை. இன்று காலையும் குழிக்குக் கூழ் ஊற்றிவிட்டுப் பங்களா ஜன்னலைப் பார்த்தேன். இறுகச் சாத்தியிருந்தது.