மயக்கம் பாய்

மூன்று கோடைகளுக்கு முன்பு நடந்தது இது. அபுதாபியின் முசஃபா பகுதியில் ஒரு கட்டுமான சைட்டில் சேஃப்டி ஆபீசராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போட்டால்தான் எனக்கு மனம் அடங்கும். வெயில் மயக்கம் பற்றிய பயிற்சியையும் அப்படித்தான் அமைத்திருந்தேன். ஒன்று, தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடி. இரண்டு, தலை சுற்றினால் உடனே சொல். மூன்று, பக்கத்தில் இருப்பவன் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டு போ, உடம்பை நனை, என்னைக் கூப்பிடு.

இதைப் பல மொழிகளில் திரையில் போட்டுக் காட்டுவேன். ஏசி ஓடும் அறை. முதல் படத்திலேயே பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

"மேடம், இந்தக் கிளாஸை வாராவாரம் வைங்க. எங்க ஆளுங்களுக்கு வேற எங்க இப்பிடி ஒரு தூக்கம் கெடைக்குது?" என்பார் ஃபோர்மேன். ராமநாதபுரத்துக்காரர். கோபப்படவும் முடியாது, சொல்வது உண்மை.

அவருடைய குழுவில் சாரம் கட்டும் வேலையில் உகாண்டாக்காரர் ஒருவர் இருந்தார். நெட்டையான உருவம், ரப்பர் போல வளையும் உடம்பு. ஒரு நாள் கிளாஸ் முடிந்ததும் என்னிடம் வந்தார். நாங்கள் எல்லோரும் பாதி ஹிந்தியும் பாதி ஆங்கிலமுமாகத்தான் பேசிக்கொள்வோம். தமிழில் சொன்னால் அவர் கேட்டது இது: "மேடம், இதை எழுதிக் காட்டுறதுக்குப் பதிலா ஆடிக் காட்டலாமா?"

ஊரில் அவர் ஒரு நாடகக் குழுவில் இருந்தவராம். மத்தளம் அடித்து, ஊரைக் கூட்டி, கொசுவலை கட்டுவது, தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது எல்லாவற்றையும் பாட்டும் ஆட்டமுமாகச் சொல்வார்களாம். எல்லா நாடகத்திலும் நோயாளி வேஷம் இவருக்குத்தான். "விழுறதுக்குன்னே கடவுள் என்னைப் படைச்சிருக்கார்" என்று சிரித்தார்.

கேம்ப் சாப்பாட்டுக்கூடத்தில் ஒத்திகை பார்த்தோம். காலி பெயிண்ட் வாளிகள்தான் மத்தளம். அவருடைய ஊர்க்காரர்கள் இருவர் "தண்ணி குடிச்சியா?" என்று பாட, உட்கார்ந்திருப்பவர்கள் அவரவர் மொழியில் பதில் பாட வேண்டும். இவர் மட்டும் "அப்புறம் குடிக்கிறேன், அப்புறம் குடிக்கிறேன்" என்று ஆடிக்கொண்டே வருவார். பிறகு விழுவார். அதை எப்படிச் சொல்வது? சாரத்தைப் பிரிப்பதுபோல, முதலில் கழுத்து, அடுத்து தோள், இடுப்பு, முழங்கால் என்று ஒவ்வொன்றாகக் கழன்று தரைக்கு வருவார். நண்பர்கள் ஓடி வந்து தண்ணீர் தெளிப்பார்கள். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கண்ணை மட்டும் திறந்து, "சாயா இருக்கா?" என்பார்.

அதன் பிறகும் ஒரு காட்சி இருந்தது. ஒரு வாளித் தண்ணீரை எல்லோர் முன்னாலும் வைத்து, நிதானமாக முகம் கழுவுவார். தன் பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர் சொல்லுவார். "நோயாளி போயிட்டான். நான் நல்லா இருக்கேன்" என்பார். கூட்டம் "வா, உட்காரு" என்று பதில் சொல்ல வேண்டும். அவர் குழுவின் வழக்கமாம் இது.

எனக்குக் கிடைத்திருந்ததோ அரை மணி நேரம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கைதட்டல் "சாயா இருக்கா?" வசனத்திலேயே வந்துவிடுகிறது. அதற்கு மேல் முகம் கழுவுவது எதற்கு?

"இதை விட்டுடலாமே" என்றேன்.

"அப்போ அந்த நோயாளியை யாரு மேடம் வீட்டுக்கு அனுப்புறது?"

"எல்லாரும் கை தட்டினா தானா போயிடுவான்."

அவர் தோளைக் குலுக்கிச் சிரித்தார். அவருக்கும் கைதட்டலோடு முடிப்பது பிடித்திருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

நாடகம் அமோகமாக நடந்தது. தூங்குகிற ஆட்கள் முன் வரிசைக்கு அடித்துக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய விஷயம், அதுவரை தலை சுற்றினால் வாய் திறக்காதவர்கள் ஒவ்வொருவராக வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். திரையில் நான் போட்ட படங்கள் செய்யாததை ஒரு பெயிண்ட் வாளி செய்தது.

கூடவே இன்னொன்றும் நடந்தது. நம் ஆட்கள் அவருக்கு "மயக்கம் பாய்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஹிந்தியில் பாய் என்றால் அண்ணன். மெஸ்ஸில், பஸ்ஸில், சைட்டில், யாராவது "மயக்கம் பாய்!" என்று கூப்பிட்டால் போதும், உடனே கழுத்து கழலும், தோள் கழலும். பிடிக்க நாலு பேர் ஓடுவார்கள். நானும் ரசித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் காலை. காற்றே இல்லை. வெறும் ஈரப் புழுக்கம். நான் சாரத்தைச் சோதித்துக்கொண்டே வந்தேன். குழாய் அடுக்கு அருகில் அவர் ஒரு குழாயைப் பிடித்தபடி நின்றார். கழுத்து சாய்ந்தது. யாரோ "மயக்கம் பாய்!" என்று குரல் கொடுத்தார்கள். தோள், இடுப்பு, முழங்கால். தரையில் கிடந்தார். ஒருவர் ஸ்பேனரால் குழாயில் தாளம் தட்டினார். மற்றவர்கள் "தண்ணி குடிச்சியா?" என்று பாடினார்கள். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். அவர் ஒரு கண்ணைத் திறப்பார் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

ஒருவர் மட்டும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். புதிதாக எங்கள் சைட்டுக்கு மாறி வந்திருந்த நேபாளத் தொழிலாளி. "பாகல் ஹோ க்யா? பானி லாவோ!" பைத்தியமா உங்களுக்கு, தண்ணி கொண்டு வாங்க என்று கத்தினார். அங்கிருந்தவர்களில் அந்த நாடகத்தைப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான்.

அதன் பிறகு என் கைகள் பயிற்சிப்படி வேலை செய்தன. நிழல், தண்ணீர், அக்குளில் ஐஸ், ஆம்புலன்ஸ். தொட்ட உடம்பு கொதித்தது. எத்தனை நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபோர்மேன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மேடம், நைட்டெல்லாம் வயித்தால போயிருக்கு அவனுக்கு. காலைல எங்கிட்ட வந்து தலை சுத்துதுன்னு சொன்னான் மேடம். ஒனக்கு எப்பயும் அதானடான்னு சொல்லிட்டு நாம்பாட்டுக்குச் சிரிச்சுட்டேன்." பெரிய மனிதர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தலை சுற்றினால் உடனே சொல். என் இரண்டாவது விதி. அன்று எங்களில் அதை ஒழுங்காகப் பின்பற்றியவர் அவர்தான். அவர் சொல்லை நம்ப முடியாதபடி செய்து வைத்திருந்தவள் நான்.

அவர் பிழைத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் ஸ்டோரில் இலகுவான வேலை கொடுத்தார்கள். ஃபோர்மேனில் தொடங்கி எல்லோரும் அவரை அவருடைய சொந்தப் பெயரால் மட்டுமே கூப்பிட்டார்கள். மெஸ்ஸில் அவர் தட்டோடு எழுந்தாலே பத்துத் தலைகள் திரும்பிப் பார்க்கும்.

சில வாரங்கள் கழித்து, துபாயில் அல் குசைஸில் உள்ள எங்கள் இன்னொரு கேம்பிலும் நாடகம் போட வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டார்கள். தயங்கித் தயங்கி ஸ்டோருக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம்" என்றார். பிறகு நாடகத்தைப் பற்றிச் சொல்லி, "இந்தத் தடவை முகம் கழுவுற காட்சியும் வைக்கலாம்" என்றேன்.

அவர் போல்ட் பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நேத்து மெஸ்ல சும்மா விளையாட்டுக்குக் கழுத்தைச் சாய்ச்சேன் மேடம். மூணு பேர் தண்ணியை ஊத்திட்டாங்க, ஒருத்தன் அழுதுட்டான். நான் விழுந்தா இனிமே யாரும் சிரிக்க மாட்டாங்க. சிரிக்காத இடத்துல எப்படி விழுறது?"

வேறு வேஷம் போடலாமே என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அடுத்த பெட்டியைத் திறந்தார். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார். அங்கேயாவது பழைய குழுவோடு சேர்ந்து விழுகிறாரா என்று விசாரிக்க நினைப்பேன். "இல்லை" என்று பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் இதுவரை கேட்கவில்லை.

இப்போது என் பயிற்சிகளில் யார் நோயாளியாக நடித்தாலும், எல்லோர் முன்னாலும் முகம் கழுவி, தன் பெயரையும் ஊரையும் சொன்ன பிறகே கூட்டம் கலையும். நேரம் போகிறது என்று யாராவது முணுமுணுப்பார்கள். "வா, உட்காரு" என்று கூடமே சொல்லும்போது நானும் உரக்கச் சொல்வேன். ஆனால் அந்த வார்த்தையை முதல் நாடகத்தன்றே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பது, வாளியில் தண்ணீர் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உறைக்கிறது.