புது ரிவால்வரில் ஒரு தோட்டா குறைந்தது

அறையில் மேற்பார்வையாளர் இருந்தார். என்னை மாற்றிவிட வந்த அடுத்த காவலாளி இருந்தார். நான் இருந்தேன்.

மலேசியாவின் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் மாலை வேலை மாறும் நேரம். ரிவால்வரைத் திறந்து தோட்டாக்களை மேசையில் கொட்டினேன். ஒன்று குறைந்தது. காலையில் ஆறு தோட்டா என்று நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"ஒன்னு எங்க, அண்ணே? தொலைஞ்சா போலீஸ் கேஸ். உங்க வேலையும் போயிரும்," என்றார் மேற்பார்வையாளர்.

"நாசி லெமாக் சோத்தோட முழுங்கிட்டியா லா?" என்றார் காவலாளி.

பையைக் கவிழ்த்தேன். கால் சப்பாத்தைக் கழற்றி உதறினேன். சுட்டுவிட்டு மறந்தேனோ என்று துப்பாக்கிக் குழாயை முகர்ந்தேன். எண்ணெய் வாடைதான். ஒன்றும் புரியவில்லை. பல வருடம் வைத்திருந்த பழைய ரிவால்வர் ஆறு பிடிக்கும். தினமும் ஆறு என்றே எழுதிப் பழகிய கை. இந்தப் புதியதை அன்று காலைதான் கொடுத்தார்கள்.

மேற்பார்வையாளர் அதை வாங்கி, உருளையில் தோட்டா போடும் ஓட்டைகளை விரலால் எண்ணினார்.

ஐந்து.