அக்காவுக்குப் போட்ட நன்றி அட்டை

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாளே மாமியார் பட்டியலை அனுப்பிவிட்டார். மாமியார் என்றால் என் கணவரின் அம்மா. நானும் ஆண், கணவரும் ஆண், அவர்கள் யூதக் குடும்பம். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் கையால் எழுதிய நன்றி அட்டை ஒரு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும், அவர்கள் செய்தது இன்னதென்று அதில் குறிப்பிட்டிருக்க வேண்டும், முன்பக்கத்தில் கல்யாணப் படம் இருக்க வேண்டும். இது அந்த வீட்டுச் சட்டம். அதை மீற எனக்குத் துணிவில்லை.

கிழக்கு லண்டனில், இல்ஃபோர்ட்டில் எங்கள் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து எழுதினோம். கணவர் பக்கத்தில் அட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. என் பக்கத்தில் ஆறு. ஐந்து, வேலையிடத்து நண்பர்களுக்கு. ஆறாவது அக்காவுக்கு. அரை மணித்தியாலத்தில் என் வேலை முடிந்துவிட்டது. பிறகு மாலை மாலையாக அவருடைய உறவினர்களின் உறைகளுக்கு முத்திரை ஒட்டிக்கொண்டிருந்தேன். நான் உதவி செய்கிறேன் என்று அவர் நினைத்தார். எனக்கோ எரிச்சல். சொந்தபந்தம் நிறைய இருப்பது அவருடைய குற்றமா என்ன? அடுத்த உறையை எடுத்துக்கொண்டேன்.

அம்மா லண்டனின் மறுபக்கத்தில், மோர்டனில் அக்கா வீட்டில் இருக்கிறா. மூன்று வருடங்களுக்கு முன் நான் விஷயத்தைச் சொன்னபோது, அவன் இந்த வாசலை மிதித்தால் நான் வெளியே போய்விடுவேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டா. எண்பது வயது மனுஷி எங்கே போவா? நான்தான் போகாமல் நின்றுகொண்டேன். கல்யாண நாள் குறித்ததும் அக்காவுக்கு மட்டும் தொலைபேசியில் சொன்னேன். வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டு அவள் மறுத்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். அக்கா வந்தாள். வீட்டில் மேலதிக ஷிப்ட் என்று சொல்லிவிட்டு, சேலையைப் பையில் மடித்து எடுத்து வந்து, கல்யாணம் நடந்த யூதத் தொழுகைக் கூடத்தின் கழிவறையில் உடுத்திக்கொண்டாள்.

அவர்களுடைய கல்யாணத்தில் நான்கு கம்புகளில் துணி கட்டிய சின்னப் பந்தலின் கீழ்தான் சடங்கு நடக்கும். பெற்றவர்கள் பிள்ளையை அழைத்து வந்து பக்கத்தில் நிற்பார்கள். அவருக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. எனக்கு அக்கா. பந்தலைக் கண்டதும் அவள் யாரையும் கேட்காமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மணவறை என்றால் யாருடைய மணவறையாக இருந்தால் என்ன என்பது அவள் எண்ணம். சடங்கின் முடிவில் கண்ணாடிக் கிளாஸைத் துணியில் சுற்றிக் காலால் மிதித்து உடைப்பது அங்கே வழக்கம். வெறுங்காலோடு நின்றவளைக் கண்டு சடங்கு நடத்திய அம்மையார் பதறிப்போனார். அக்கா அசையவில்லை. எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழியாகக் கூட நிற்பாள். அது தன்னுடைய இடம் என்று அவளுக்குத் தெரியும்.

அதன்பின் எங்கள் இருவரையும் நாற்காலிகளில் உட்கார்த்தித் தூக்கி ஆடினார்கள். என் நாற்காலியைத் தூக்கியவர்களில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. அந்த உயரத்திலிருந்து அக்காவைத் தேடினேன். ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் நேரத்துக்கு அவள் திரும்ப வேண்டும். போய்விட்டிருந்தாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அட்டை எழுதினேன். "அக்கா, பந்தலில் என்னோடு நின்றதற்கு மிக்க நன்றி." நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக அந்தச் சொல்லை அவளுக்கு எழுதுகிறேன். எனக்குப் பேன் வாரியவள், என்னை அடித்த வாத்தியாரோடு சண்டைக்குப் போனவள், லண்டனுக்கு வந்த முதல் மாரிக் குளிரில் தன்னுடைய கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டவள். ஒன்றுக்கும் நான் நன்றி சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதுமில்லை. முத்திரை ஒட்டி ஒட்டி எனக்குப் பழக்கம் பிடித்துவிட்டது போலும்.

அட்டையைத் தபாலில் போட்டேன். அக்கா வீட்டில் தபாலை எடுப்பது அம்மா என்பதை மறந்துபோனேன். முன்பக்கத்துப் படத்தில் நாங்கள் இருவரும், எனக்குப் பக்கத்தில் ஊதாச் சேலையும் வெறுங்காலுமாக அக்கா. கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்த கதைதான்.

ஒரு கிழமை கழித்து அக்கா வேலையிடத்திலிருந்து தொலைபேசி எடுத்தாள். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் மறித்தாள்.

"அம்மாவை நான் சமாளிப்பன், அது என்ர பாடு. எனக்கேன் தம்பி நன்றி எழுதினனீ? நான் என்ன, வந்து சாப்பிட்டுப் போன ஆளோ?"

உண்மையில் அவள் அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்களுக்குள் நன்றி என்பது வெளியாளுக்குச் சொல்வது. அக்காவுக்குச் சொல்ல வேண்டுமென்றால் அவள் வீட்டுக்குப் போய், கேட்காமல் சட்டியைத் திறந்து, உப்புக் குறைவு என்று குறை சொல்லிக்கொண்டு இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட வேண்டும். அந்த வழி எனக்கு அடைபட்டுக் கிடந்தது.

"வர ஏலாதெண்டுதான் அக்கா தபாலில போட்டனான்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போவதாக அக்கா சொன்னாள். பன்னிரண்டுக்கு வரலாம், இரண்டுக்கு முன்னால் போய்விட வேண்டும். இவரையும் அழைத்து வரவா என்று கேட்டேன்.

"முதல்ல நீ வா."

அதை அப்படியே கணவரிடம் சொன்னேன். போய் வா என்றார். பேனாவைக் கீழே வைக்கவில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை. மூன்று அறை உள்ள எங்கள் ஃபிளாட்டில் அன்று மாலை முழுவதும் ஆளுக்கொரு அறையில் இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நான் மணியை அழுத்துமுன்னே அக்கா கதவைத் திறந்தாள். நேரே குசினிக்குப் போய்ச் சட்டிகளைத் திறந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முருங்கைக்காய்க் கறி ருசியாக இருந்தது, ஆனால் அவள் எப்போதும் போடும் இறாலைக் காணவில்லை. இறால் இல்லாமல் இதென்ன கறி என்று குறை சொன்னேன். நான் கை கழுவி வருவதற்குள் என் தட்டைக் கழுவித் துடைத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். அதன் பிறகு ஒரு ஐஸ்கிரீம் பெட்டியை எடுத்துக் கறியை அள்ளிப் போட்டு மூடினாள்.

"அவைக்கு இறால் ஆகாதெல்லோ. அவருக்குக் கொண்டுபோய்க் குடு."

யூதச் சட்டப்படி இறால் விலக்குத்தான், என் கணவரோ கிடைத்த இடத்திலெல்லாம் இறாலை வெட்கமில்லாமல் தின்கிறவர். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அட்டையில் எழுதிய அந்தச் சொல் நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றேன்.

அக்கா மூடியைத் திரும்பத் திறந்தாள். மணி ஒன்றே முக்கால். கை கறியை அள்ளிக்கொண்டிருந்தது, கண் ஜன்னலுக்கு வெளியே, கார் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.