ரயில் கேட்டாக நின்றவள்

சனிக்கிழமை காலையில் எனக்கு இருப்புக் கொள்ளாது. கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பஸ் பிடிக்க வேண்டும், ஐந்து வயது மகளுக்குச் சப்பாத்துப் போட வேண்டும். அவளோ ஒரு சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டு மற்றதோடு கதைத்துக்கொண்டிருப்பாள். வீட்டில் அவள் வாய் மூடுவதேயில்லை. வாசற்படியைத் தாண்டினால் ஒரு சொல் வராது. "வாயில என்ன, கொழுக்கட்டையோ?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. முன்பள்ளியில் இதுவரை யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை. முதலாம் வகுப்புக்கான நேர்முகம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே பெயர் கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்பாள்.

அதனால்தான் நாடகப் பட்டறையில் சேர்த்தேன். சின்னப் பிள்ளைகளுக்கானது, கடற்கரைப் பக்கமாக ஒரு டியூஷன் கட்டடத்தின் மேல்மாடியில் நடக்கும். பெற்றோர் வெளியே படிக்கட்டில்தான் இருக்க வேண்டும். மற்ற அம்மாமார் ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். நான் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். உள்ளே எல்லாப் பிள்ளைகளின் சத்தமும் கேட்கும், என் பிள்ளையுடையதைத் தவிர.

பட்டறையின் கடைசிக் கிழமையில் பெற்றோருக்கு ஒரு குட்டி நாடகம் காட்டப்போவதாகச் சொன்னார்கள். கடலுக்குப் போகிற ஒரு தெரு, அதில் ஓட்டோக்கள், வடைக்காரர், குறுக்கே ரயில். என் மகளுக்கு என்ன வேஷம் என்று கேட்டேன்.

"ரயில் கேட்," என்றார் பட்டறை நடத்தும் பெண். என்னைவிட வயதில் குறைந்தவர், அவசரம் என்பதே தெரியாதவர்.

"தங்கச்சி, பிள்ளையைக் கதைக்க வைக்கத்தானே இஞ்ச கொண்டு வந்தனான்? நீங்கள் கம்பி மாதிரி நிக்க விட்டிருக்கிறீங்கள்!"

"அவவாத்தான் தெரிஞ்செடுத்தவ, அக்கா. வேஷமெல்லாம் கீறின படங்களைக் காட்டினன், கேட்டின்ர படத்தைத் தொட்டுக் காட்டினவ."

"ஒரு வசனமாவது குடுங்கோவன்."

"ரயில் கேட் எங்கயாவது கதைக்குமே, அக்கா?" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாடகத்தன்று முன்வரிசையில் இடம் பிடித்தேன். மகள் நடுவில் வந்து இரண்டு கைகளையும் மேலிருந்து இறக்கி முன்னால் நீட்டினாள். ஓட்டோக்கள் நின்றன, வடைக்காரர் நின்றார். நாலைந்து பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி கூவென்று ஓடி வந்து, மறுபக்கத் திரைக்குப் பின்னால் மறைந்தார்கள். இனி அவள் கைகள் மேலே போக வேண்டும். போகவில்லை.

ஓட்டோக்கள் ஹோர்ன் அடித்துப் பார்த்தன. வடைக்காரர் மூக்கைத் தோண்டத் தொடங்கினார். பின்னால் யாரோ சிரித்தார்கள், ஃபோன்கள் எல்லாம் படம் பிடித்துக்கொண்டிருந்தன. "கையைத் தூக்கம்மா," என்று பல்லைக் கடித்தபடி சொன்னேன். அவள் அசையவில்லை. மறந்துவிட்டாள், பயந்துவிட்டாள், இனி இங்கேயும் வரமாட்டாள் என்று மனம் கண்டபடி ஓடியது. பட்டறை நடத்தும் பெண்ணோ சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. நானே அவள் கைகளைப் பிடித்து உயர்த்திவிடலாம் என்று எழுந்து போனேன்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, நில்லுங்கோ! மற்றப் பக்கத்தாலயும் ட்ரெயின் வருது!"

கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். உண்மைதான், வெள்ளவத்தையில் ஒரு ரயில் போனவுடனேயே கேட்டைத் திறந்துவிடமாட்டார்கள். பல வேளைகளில் அடுத்த தண்டவாளத்தில் எதிரே இன்னொன்று வந்துகொண்டிருக்கும். அங்கே காத்து நின்ற எவருக்கும் இது தெரியும். திரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் குசுகுசுப்பு. பிறகு அதே பிள்ளைகள் மறுபடி கூவிக்கொண்டு இந்தப் பக்கம் ஓடி வந்தார்கள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓட்டோக்களுக்கும் வடைக்காரருக்கும் நடுவில், அவள் கை உயரும்வரை நானும் நின்றேன்.